அமெரிக்காவில் மூன்றாவது கட்சி ஏன் வேரூன்றுவதில்லை?

கேள்வி: ஹட்டன் ஆசிரியை

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த வாரம் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் நிறைவான பதில் இருக்கவில்லை. நம் இலங்கையில் பல தசாப்தங்கள் மாறி மாறி ஆண்ட இரு பெரிய கட்சிகளும் தேய்ந்துவிட்டன. 2020இல் மூன்று ஆசனங்களை மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024இல் 159 ஆசனங்களை வென்றது. அமெரிக்காவிலோ 1850களுக்குப் பின்னர் ஜனநாயகக் கட்சியையும் குடியரசுக் கட்சியையும் எவராலும் அசைக்க முடியவில்லையே, ஏன்?

பதில்: தலவாக்கலை வாசகர்

முதற் காரணம் தேர்தல் முறைதான். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், கூடிய வாக்குப் பெற்றவருக்கே வெற்றி என்னும்போது, இரண்டாமிடத்துக்குக் கூட எதுவும் மிஞ்சுவதில்லை. ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளும், ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், அங்கே முந்துபவருக்கே முழுமையாகச் சேர்கின்றன. 1992 ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் ரொஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றும், 538 தேர்வாளர் வாக்குகளில் ஒன்றேனும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் ஜோர்ஜ் புஷ், புளோரிடாவில் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வெறும் 537 வாக்குகளால் வென்று ஜனாதிபதியானார். அங்கே பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு விழுந்தவை 97,000க்கு மேல்; அவர் போட்டியிடாவிட்டால் அவற்றில் கணிசமானவை கோருக்கே போயிருக்கும் என்று கருதப்படுகிறது. அந்தக் கணக்கைக் கண்ட வாக்காளர், மனதுக்குப் பிடித்த சிறிய கட்சிக்கு வாக்களிக்க மறுமுறை அஞ்சத்தானே செய்வார்?

பதில்: பண்டாரவளை வாசகர்

மேலே சொன்னது சரி, ஆனால் அது பாதிப் பதில்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1977இல் நம்மிடமும் தொகுதிவாரி முறையே இருந்தது. அப்போது ஏறக்குறைய 30 சதவீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களும், 7 சதவீதத்தையும் எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்களும் கிடைத்தன. வாக்குகள் ஓரிடத்தில் திரண்டிருந்தால் சிறிய கட்சியும் வெல்லும். 1968 ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவது கட்சி வேட்பாளர் ஜோர்ஜ் வொலஸ் பெரோவைவிடக் குறைந்த வாக்கு வீதத்தில் 46 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றதும் தென் மாநிலங்களில் அவருக்கிருந்த பலத்தால்தான். நமது நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக இருந்ததனால் அதே 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாமவராகப் பாராளுமன்றம் சென்றார். அப்படியான தொகுதிகளுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை.

ஆனாலும் என் பார்வையில் ஆழமான காரணம் கட்சிகளின் உள்ளேதான் இருக்கிறது. இங்கே வேட்புமனுவில் கட்சிச் செயலாளர் கையொப்பமிட வேண்டும். அவர் மறுத்தால் அதிருப்தியாளர் வெளியேறி வேறு கட்சியோ சுயேச்சைக் குழுவோ தேடுவதைத் தவிர வழியில்லை. அங்கே கட்சியின் வேட்பாளரை முதனிலைத் தேர்தலில் மக்களே தெரிவு செய்கிறார்கள். செனட்டில் சுயேச்சை உறுப்பினரான பேர்னி சாண்டர்ஸ் 2016இல் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் போட்டியிட்டார். அதுவரை எந்த அரச பதவியும் வகித்திராத டொனால்ட் ட்ரம்ப், தலைவர்கள் பலரின் எதிர்ப்பையும் மீறிக் குடியரசுக் கட்சியையே தன்வசப்படுத்தினார். கிளர்ச்சி செய்பவருக்கு வாசற்கதவு திறந்திருக்கும்போது அவர் ஏன் புதிதாக வீடு கட்டப் போகிறார்? பெயர் அப்படியே இருக்க, உள்ளே கட்சியே மாறிவிடுகிறது.

ஹட்டன் ஆசிரியை

மிக்க நன்றி. அப்படியானால் 1854இல் உருவான குடியரசுக் கட்சி, ஆறே ஆண்டுகளில் லிங்கனை ஜனாதிபதியாக்கியது எவ்வாறு?

பண்டாரவளை வாசகர்

அதுவரை ஜனநாயகக் கட்சியின் பிரதான போட்டியாளராக இருந்த விக் கட்சி அடிமைமுறைப் பிரச்சினையில் பிளந்து, இடம் வெற்றாகியிருந்தது. முதனிலைத் தேர்தல்களும் அன்று இல்லை. அத்துடன், அக்காலத்தில் வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. 1880களின் இறுதியிலிருந்து மாநில அரசுகள் அச்சிடத் தொடங்கிய பின்னர், சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கே கையொப்பம் திரட்ட வேண்டிய நிலை புதிய கட்சிகளுக்கு ஏற்பட்டது.

தலவாக்கலை வாசகர்

வாக்குச்சீட்டைப் பற்றியே ஒன்று சேர்க்கிறேன். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்காகத் தோட்டப் பாடசாலையில் வாக்களிக்கச் சென்ற என் தந்தை, வாழ்நாளில் முதன்முறையாகப் புள்ளடிக்குப் பதிலாக 1, 2, 3 என்று இலக்கமிட்டார். அந்தத் தேர்தலில்தான் நம் நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலமும் 2018 முதல் காங்கிரஸ் தேர்தலில் இவ்வாறு வரிசைப்படுத்தி வாக்களிக்க இடமளிக்கிறது. அவ்வாண்டு அங்குள்ள இரண்டாம் காங்கிரஸ் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த ஜெரட் கோல்டன், சுயேச்சைகளுக்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பின்படி பகிரப்பட்டபோது வென்றார். நேடருக்கு வாக்களித்தவர்களுக்கு இருந்த அச்சம் அங்கே நீங்கிவிட்டது. ஆயினும் வென்ற கோல்டன் ஜனநாயகக் கட்சிக்காரரே.