மெட்டலைஸ்டு கவர் போட்டும் காராச்சேவு சிக்கு வாடை அடிக்குது. அவசரம்!

திருமங்கலம்_காரவகை (காலை 9.12)
வணக்கம். சாதா கவர்ல இருந்து மெட்டலைஸ்டு (வெள்ளி மாதிரி மின்ற அலுமினியப் படலம் ஏத்தின) ரோலுக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சு. அப்பவும் காராச்சேவு 20, 25 நாள்ல சிக்கு வாடை. சில பாக்கெட் நமுத்தும் போகுது. கவரை உரிச்சா வெள்ளி மொத்தமா பிரிண்ட் பக்கம் ஒட்டிக்கிட்டு வருது. அப்ப கோட்டிங் மட்டம்னுதானே அர்த்தம்? மேல இன்னொரு கோட்டிங் அடிச்சா நிக்குமா? தீபாவளி ஆர்டர் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

வைகை_கன்வெர்ட்டர் (9.30)
மெட்டலைஸ்டு பெட்டா (பாலியெஸ்டர் பிலிம்), பிஓபிபியா (பாலிபுரோப்பிலீன் பிலிம்)? எத்தனை மைக்ரான், எத்தனை லேயர்? உள்ள காத்தா, நைட்ரஜனா? பாக்கெட் அளவு என்ன? எந்த எண்ணெய்? சிக்கு வாடை எல்லா பாக்கெட்லயுமா, சிலதுலயா? இது எதுவும் சொல்லாம கேட்டா நாங்க கிளி ஜோசியந்தான் பாக்கணும்.

டைன்38 (9.41)
வெள்ளி உரிஞ்சு வருதுன்னா கொரோனா ட்ரீட்மென்ட் (ஒட்டுறதுக்காகப் பிலிம் மேல மின்பொறி அடிக்கறது) போச்சு. வேற எதையும் தேட வேணாம். டைன் பேனா (மேற்பரப்பு ஒட்டுமான்னு மை வச்சு அளக்கற பேனா) வாங்கி மெட்டல் பக்கம் கோடு போடுங்க. 38 மை ரெண்டு செகண்ட் உடையாம நின்னா சரி, முத்து முத்தா திரண்டா ரோலைத் திருப்பி அனுப்புங்க. புது மெட்டல்ல 50க்கு மேல காட்டும். ரோலா சுத்தி வச்சதும் பின்பக்கத்து ஸ்லிப் (பிலிம் வழுக்கறதுக்குச் சேர்க்கற சாமான்) மெட்டல்ல ஏறி, வாரக்கணக்குல இறங்கிடும். பேனா மையில ஃபார்மமைடு இருக்கு, கையுறை போட்டுத் தொடுங்க.

திருமங்கலம்_காரவகை (10.25)
மன்னிக்கணும். 20 பிஓபிபி பிரிண்ட், 18 மெட்டலைஸ்டு பிஓபிபி. 200 கிராம், 18க்கு 26 சென்டிமீட்டர். காத்துதான். பாமாயில். சிக்கு வாடை எல்லாத்துலயும், நமுத்தது சிலதுல. பாக்கெட் போடுற மெஷின் ரெண்டு.

பழைய_ரோல் (10.50)
இதே கேள்விக்கு இங்க பத்து தடவை பதில் சொல்லியாச்சு. தேடிப் பாக்கவே மாட்டீங்களா? சரி, ஒரு தடவை கணக்கு போட்டுக் காட்டுறேன், எழுதி வச்சுக்கங்க.

20 மைக்ரான் சாதா பிஓபிபி ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டர்ல 1,600, 2,000 சிசி ஆக்சிஜனை விடும். மெட்டல் ஏத்தினா சில பத்துகளுக்கு இறங்கும், உங்களுக்கு 40ன்னு வைங்க. பாக்கெட்டோட ரெண்டு பக்கமும் சேர்த்து 0.09 சதுர மீட்டர். அந்த 40 சுத்த ஆக்சிஜனுக்கு எடுத்த அளவு, காத்துல ஆக்சிஜன் 21 சதவீதந்தான். 40 x 0.09 x 0.21 = ஒரு நாளைக்கு முக்கால் சிசி. 20 நாள்ல 15 சிசி உள்ள வரும்.

பாக்கெட்டுக்குள்ள சேவுக்கு நடுவுலயும் மேலயுமா 400 மில்லி காத்து இருக்கும். அதுல ஆக்சிஜன் 84 சிசி. முத நாள், சீல் அடிச்ச நிமிஷமே அது உள்ள இருக்கு. 84ஐ உள்ள வச்சுப் பூட்டிட்டு வெளியிலேர்ந்து வர்ற 15க்குக் கோட்டிங் கேக்குறீங்க. நைட்ரஜன் விடாத பாக்கெட்டுக்கு எந்தக் கோட்டிங்கும் தண்டம்.

நமுத்ததுக்குப் பிலிம் காரணமே கிடையாது. மெட்டலைஸ்டு பிஓபிபி ஈரத்தை நல்லாவே தடுக்கும். உங்க ஆளுங்க பாக்கெட்டைத் திறந்து வச்சிருப்பாங்க.

வைகை_கன்வெர்ட்டர் (11.15)
அண்ணே, கணக்கு சரி. கடைசி வரி சரியில்ல. 'சில பாக்கெட்'னு அவர் சொல்றதுலதான் விஷயமே இருக்கு. பிலிம் மட்டம்னா எல்லாமே ஒண்ணு போல கெடும், சிலது மட்டும் நமுத்தா ஓட்டை. ரெண்டும் தனித்தனி நோய்.

டைன்38க்கும் ஒண்ணு. நீங்க பேனா போடுறது மெட்டலுக்கு மேல. அவருக்கு உரியுறது மெட்டலுக்கும் பிலிமுக்கும் நடுவுல, அங்க எந்தப் பேனா போகும்? வெள்ளி பிரிண்ட் பக்கம் வந்துச்சுன்னா லேமினேஷன் பசை (ரெண்டு பிலிமையும் சேர்த்து ஒட்டுற பசை) மெட்டலை நல்லாவே பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பசை உலோகத்தைப் பிடிச்ச பிடி, உலோகம் பிலிமைப் பிடிச்ச பிடியை விடக் கூடுதல். உரிக்காத வரைக்கும் அதனால ஆக்சிஜன் தடுப்பு குறையாது.

டைன்38 (11.32)
பிலிமுக்கு ஒழுங்கா கொரோனா அடிச்சு மெட்டல் ஏத்தியிருந்தா ஏன் உரியுது? நான் சொன்னது அதைத்தான்.

வைகை_கன்வெர்ட்டர் (11.48)
கம்மியா அடிச்சாலும் உரியும், கூட அடிச்சாலும் உரியும். அளவுக்கு மேல கொரோனா விட்டா பாலிமர் சங்கிலி துண்டு துண்டா அறுந்து மேல மாவு மாதிரி ஒரு படலம் நிக்கும். பேனா 44 காட்டும், ஆனா மெட்டல் அந்த மாவு மேலதான் உக்காரும். டைன் ஏறுச்சுன்னா பிடி ஏறுச்சுன்னு அர்த்தமில்ல. லேமினேட் பண்றதுக்கு முன்னாடி ரோல்ல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு உரிச்சுப் பாக்கறதுதான் சோதனை.

இன்னொண்ணு, மெட்டலுக்கு மேல திரும்பக் கொரோனா அடிக்கலாம்னு யாராச்சும் சொன்னா எந்த மெஷின்னு கேளுங்க. சிலிக்கோன் உறை போட்ட உருளையும் மொட்டை எலெக்ட்ரோடுமா இருந்தா மெட்டல் மின்சாரத்தைக் கடத்திடும், ட்ரீட்மென்ட் ஏறாது. செராமிக் எலெக்ட்ரோடு வேணும்.

பச்சை_கவர் (12.05)
மெட்டலே வேணாம்னுதான் நான் சொல்லுவேன். பிவிஓஎச் (பாலிவினைல் ஆல்கஹால்) கோட்டிங் போட்ட பிஓபிபி வாங்குங்க. சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்குள்ள கோட்டிங், ஆக்சிஜன் ஒத்தை இலக்கத்துக்கு வந்துடும், கண்ணாடி மாதிரி சேவு வெளிய தெரியும்.

பழைய_ரோல் (12.20)
பிவிஓஎச் தண்ணில கரையுற சாமான். காத்துல ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டினா தடுப்பு பல மடங்கு விழுந்துடும். பிவிடிசின்னாலாவது (பாலிவினைலிடீன் குளோரைடு) ஈரத்துக்குத் தாங்கும்.

பச்சை_கவர் (12.31)
பிவிடிசில குளோரின். மறுசுழற்சிக்கு உருக்கற எக்ஸ்ட்ரூடர் மெஷின்ல போட்டா அமிலம் கிளம்பி ஸ்க்ரூவைத் தின்னுடும். அதோட மதுரையில வருஷத்துல பாதி நாள் காத்து காஞ்சுதானே கிடக்கு?

பழைய_ரோல் (12.40)
சரக்கு மதுரையிலயே நிக்குமா? தூத்துக்குடி, ராமேஸ்வரம் கடைக்குப் போகாதா? ஐப்பசி மழையில மதுரையே சொதசொதன்னுதான் இருக்கும். அவர் கேக்குறது தீபாவளி ஆர்டர்.

பச்சை_கவர் (12.52)
கோட்டிங்கை ரெண்டு பிஓபிபிக்கு நடுவுல வச்சு லேமினேட் பண்ணினா ஈரம் அவ்வளவு சீக்கிரம் தொடாது. உள்ள இருக்கறதும் காஞ்ச சரக்கு. ரெண்டு பக்கமும் ஒரே பாலிமர், அதனால மறுசுழற்சிக்கும் போகும்.

கப்பலூர்_சீல் (1.10)
நீங்க ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்கங்க. கேட்டவருக்கு ஒரு வார்த்தை: ரோல் கையில வந்த பிறகு மேல எந்தக் கோட்டிங்கும் அடிக்க முடியாது. அது கன்வெர்ட்டர் (பிலிமைப் பிரிண்ட் பண்ணி ஒட்டி ரோலாக்கறவர்) ஆலையில, லேமினேஷனுக்கு முன்னாடி, பிரைமரும் உலர்த்தற அடுப்பும் வச்சுச் செய்யற வேலை.

இப்ப மூணு சோதனை பண்ணுங்க, முதல் ரெண்டுக்கு ரூவா செலவில்ல.

இருட்டு ரூம்ல காலி பாக்கெட்டுக்குள்ள போன் டார்ச்சை விட்டு வெளியிலேர்ந்து பாருங்க. பிரிண்ட் கம்மியா இருக்கற இடத்துல நல்லாத் தெரியும். ஆப்டிகல் டென்சிட்டி (மெட்டல் வெளிச்சத்தை மறைக்கற அளவு) 2.2 இருந்தா வெளிச்சத்துல 0.6 சதவீதந்தான் வெளிய வரும். நட்சத்திரம் மாதிரி புள்ளி தெரிஞ்சா பின்ஹோல், அதாவது ஊசி ஓட்டை. நீளவாக்குல கோடு தெரிஞ்சா மெஷின்ல பிலிமைக் குழாயா மடிக்கற காலர் கீறுது. மெட்டல் படலம் வெறும் சில பத்து நானோமீட்டர், பிலிம் கொஞ்சம் இழுபட்டாலே விரிசல் விட்டுடும். பிஓபிபி பெட்டை விடச் சுளுவா இழுபடும், அதனால ரோல் பிரேக் டென்ஷனையும் பாருங்க.

அடுத்தது, ஒவ்வொரு மெஷின்லயும் பத்து பாக்கெட் எடுத்து வாளித் தண்ணில முக்கி உள்ளங்கையால அழுத்துங்க. முதுகுல நெடுக வர்ற சென்டர் சீல் போய், மேலயும் கீழயும் வர்ற எண்ட் சீலைத் தொடுற இடத்தை உத்துப் பாருங்க. மத்த இடத்துல ரெண்டு லேயர், அங்க நாலு. அந்தப் படியோரம் ஜா (சீல் அழுத்தற தாடை) அழுத்தம் பத்தாம மயிரிழை ஓட்டை நிக்கும். சூட்டை மட்டும் ஏத்தாதீங்க. பிஓபிபி சுருங்கி, சீல் பக்கத்துலயே மெட்டலும் வெடிக்கும். அழுத்தத்தையும் நேரத்தையும் கூட்டுங்க. சேவுத் தூள் சீல்ல மாட்டுதான்னும் பாருங்க.

மூணாவது எண்ணெய், மீட்டர் வச்சு அளந்து பாருங்க. டோட்டல் போலார் காம்பவுண்ட் (சூடாகிச் சூடாகி எண்ணெய் கெட்ட அளவு) 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயில சுடவே கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே இருக்கு. 20 தாண்டின எண்ணெயில சுட்ட சேவு பாதி சிக்கு ஏறியேதான் பாக்கெட்டுக்குள்ள போகுது.

வைகை_கன்வெர்ட்டர் (1.30)
நைட்ரஜனுக்கும் கணக்கு சொல்லிடுறேன். உள்ள இருக்கற காத்தைப் போல நாலு மடங்கு, அதாவது பாக்கெட்டுக்கு 1.6 லிட்டர் விடுங்க. 7 கன மீட்டர் சிலிண்டர் ஏட்டுக் கணக்குல 4,375 பாக்கெட் வரும், நடப்புல கசிவு போகப் பாதின்னு வைங்க. உள்ள மிச்ச ஆக்சிஜன் 3 சதவீதத்துக்குக் கீழ நிக்கணும். ஆனா ஓட்டையை அடைக்காம நைட்ரஜன் வாங்காதீங்க, ரெண்டே நாள்ல வெளிய போயிடும்.

நைட்ரஜன் வச்ச பிறகுதான் பிலிம் பேச்சு வரும். அப்பவும் மூணு மாசம் நிக்கணும்னா நடுவுல 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட் கேளுங்க, ஆக்சிஜன் 1 சிசி பக்கம் வந்துடும். அதே பாக்கெட், 20 நாளுக்கு அரை சிசி கூட வராது.

டைன்38 (1.42)
தகர ஷெட்டு கோடவுனா? சித்திரை வெயில்ல உள்ள 45 போகும். அந்தச் சூட்டுல ஸ்லிப்பும் சீக்கிரம் மேல வரும், டைன் இறங்கும்.

பழைய_ரோல் (1.50)
திரும்பவும் டைனா!

திருமங்கலம்_காரவகை (மறுநாள், மாலை 6.20)
டார்ச் அடிச்சுப் பாத்தேன். ரெண்டாம் மெஷின் பாக்கெட்ல மட்டும் நெடுக ரெண்டு கோடு. காலர் விளிம்புல பிசிறு இருந்துச்சு, எமரி போட்டுத் தேச்சாச்சு. தண்ணில அதே மெஷின் பாக்கெட் பத்துல நாலு குமிழி விட்டுச்சு, எல்லாம் நீங்க சொன்ன அதே நாலு லேயர் மூலை. முத மெஷின்ல ஒண்ணும் இல்ல. எண்ணெய் மீட்டர் நாளைக்கு வருது. நைட்ரஜனுக்கு விலை கேட்டிருக்கேன்.

கப்பலூர்_சீல் (6.45)
ஜா அழுத்தம் கூட்டின பிறகு திரும்பப் பத்து பாக்கெட் முக்குங்க. எண்ணெய் எத்தனை காட்டுச்சுன்னும் இங்க போடுங்க.

அப்பளம்_விளாங்குடி (12 நாள் கழிச்சு)
எண்ணெய் என்ன காட்டுச்சு, யாருக்காச்சும் தெரியுமா? எனக்கும் ஒரு சந்தேகம். அப்பளத்துக்கும் மெட்டலைஸ்டு வேணுமா, சாதா கவரே போதுமா?

பழைய_ரோல்
எத்தனை மைக்ரான், எத்தனை கிராம், காத்தா நைட்ரஜனா? முதல்ல அதைச் சொல்லுங்க.