மூளைக்கட்டி எடுத்த குழியில் கீமோ வில்லை

கேள்வி: சித்தப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி), ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். கட்டியை எடுத்த இடத்திலேயே கீமோ வில்லை வைப்பார்களாமே, அதை எடுக்க மறுபடி மண்டையைத் திறக்கணுமா?

பதில்: வேண்டாங்க, தானே கரைந்துவிடும். கிளியாடல் என்று பெயர், 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வில்லையில் 7.7 மில்லிகிராம் கார்முஸ்டின் என்ற கீமோ மருந்து இருக்கும், குழியின் சுவரை ஒட்டி அதிகபட்சம் 8 வைப்பார்கள், மருந்து மெல்லக் கசியும். ரத்தத்தில் அதிகம் கலக்காததால் உடம்பு முழுக்கப் படுத்தாது.

இன்னொருவர்: படுத்தாதுதான், ஆனால் மூளை வீக்கம், வலிப்பு, தையல் ஆறாமல் இழுப்பது, தொற்று எல்லாம் வரலாம். ஆயுள் கூடுவதும் சராசரியாக இரண்டு மாதம் போலத்தான், அதனால் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை, கதிர்வீச்சோடு நிறுத்திக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு.

கேட்டவர்: சரி, டாக்டரிடம் கேட்கிறேன்.

இன்னொருவர்: அப்புறம், வில்லை வைத்துவிட்டால் புது மருந்துகளை நோயாளிகளிடம் சோதிக்கும் சில ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள், அதையும் முன்னாடியே கேளுங்கள்.