அடிக்கிற இனமா, தாங்குகிற இனமா?

கோடரிக்கை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு; ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். முதல் லெவல் ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரன் பாத்திரத்துக்கு, எந்த இனம்: ஹாஃப்-ஆர்க்கா (சுருக்கமாக ஆர்க்), ஹில் ட்வார்ஃபா? ஆர்க்குக்கு வலிமையில் +2. ட்வார்ஃபுக்கு உடல்திறனில் +2, அதோடு லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) கூடுதல். வலிமைக்கு 15-ஐ ஒதுக்கினால் ஆர்க்குக்கு அது 17 ஆகும். ட்வார்ஃபுக்கு 15 ஆகவே நிற்கும். ஆர்மர் கிளாஸ் (அடி பட வீச்சு எட்ட வேண்டிய எண்) 15-ம் 7 ஹிட் பாயிண்ட்டும் உள்ள கோப்ளின் என்ற சிறு எதிரியைப் பெருங்கோடரியால் ஒரே வெட்டில் சாய்க்கும் வாய்ப்பு, வேறு சலுகை எதையும் சேர்க்காமல், ஆர்க்குக்கு ஏறத்தாழ 42 சதவீதம், ட்வார்ஃபுக்கு 35. செத்த கோப்ளின் திருப்பி அடிக்காது. என் கட்சி ஆர்க்தான்.

கேடயத்தான்: செத்தது ஒன்று. மீதி நான்கு? உங்கள் கணக்கில் எதிரி எப்போதும் தனியாகவே வருகிறான்! ஐந்தாம் லெவலுக்குப் போங்கள். உடல்திறனுக்கு இருவரும் 14-ஐ ஒதுக்கியிருந்தால், சராசரிக் கணக்கில் ட்வார்ஃபுக்கு 54 ஹிட் பாயிண்ட், ஆர்க்குக்கு 44. விஷத்துக்கு எதிர்ப்பு தனி.

கோடரிக்கை: பத்து ஹிட் பாயிண்ட்டா? ஓகர் என்ற அரக்கன் தடியால் ஓங்கி ஒன்று வைத்தால் சராசரி 13. உங்கள் பத்து அங்கேயே போய்விட்டது. ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு தாக்குதல். என் வலிமை இரண்டிலும் வேலை செய்யும். உங்கள் பத்து, யாராவது உங்களை அடித்தால்தான் பயன்படும். விவரம் தெரிந்த டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) உங்களை விட்டுவிட்டு மந்திரவாதியை அடிப்பார்.

சின்னக்கால்: இருவருமே ஹிட் பாயிண்ட்டை மட்டும் தற்காப்பு என்கிறீர்கள். எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரிப் பூசாரி, ஆளை அசையவிடாமல் செய்யும் ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தைப் போட்டார். அதை எதிர்க்க உருட்டிய இருபது முகப் பகடையில் எங்கள் ஹாஃப்-ஆர்க்குக்கு விழுந்தது 4. மூன்று சுற்று சிலையாக நின்றான். அருகில் வந்து குத்திய ஒவ்வொரு குத்தும் கிரிட்டிகல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு. அந்த மூன்று சுற்றில் அவனுடைய 17 வலிமை செய்த சேதம் பூஜ்யம். நோம் இனத்தவருக்கு, மந்திரத்தை எதிர்க்கும் அறிவு, விவேகம், வசீகரம் சார்ந்த தற்காப்பு வீச்சுகளில் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை உண்டு. அடிக்கும் வாய்ப்பைக் காப்பாற்றித் தருவதும் தாக்குதல் சலுகைதானே?

கோடரிக்கை: நோம் பெருங்கோடரியைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்களேன். சிறிய உருவம், கனமான ஆயுதம்: ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு பகடையில் மோசமானதுதான்.

சின்னக்கால்: நீள்வாள் போதும். யாரும் கோடரியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை.

கேடயத்தான்: கோடரிக்கை, ஒன்று கேட்கிறேன். ஹாஃப்-ஆர்க்கின் மிகச் சிறந்த சலுகை எது? பூஜ்யத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை 1 ஹிட் பாயிண்ட்டோடு நிற்பது. கிரிட்டிகலில் ஆர்க் கூடுதலாக உருட்டும் பகடை 20 வீச்சுக்கு ஒருமுறை வருவது. பெருங்கோடரிக்குச் சராசரியாக ஒரு வீச்சுக்கு 0.325 சேதம். நீங்கள் ஆர்க்கை எடுப்பது வெட்டுவதற்கா, விழாமல் நிற்பதற்கா?

கோடரிக்கை: எழுந்து நின்று வெட்டுவதற்கு. ஆனாலும் அந்த 0.325-ஐ நான் இதுவரை கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.