கீச்சிடும் பெரிய விட்டில், முதுகில் மண்டையோடு மாதிரி குறி: இது என்ன பூச்சி?

தேயிலைமேடு (கேள்வி)

வணக்கம். இடம் கோத்தகிரி, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். நேற்று இரவு மழை விட்டதும் சமையலறைச் சுவரில், டியூப்லைட்டுக்கு இரண்டடி கீழே, ஒரு பெரிய பூச்சி வந்து உட்கார்ந்தது. சிறகை விரிக்காமல் ஓட்டுக்கூரை மாதிரி பின்னால் சரித்து வைத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் முக்கோணம். மேல்சிறகு கருப்பும் பழுப்பும் கலந்து, நனைந்த மரப்பட்டை நிறம். தலைக்குப் பின்னால் முதுகில், இரண்டு கண்குழியோடு மண்டையோடு வரைந்தது போல வெளிர்மஞ்சளில் ஒரு குறி. துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டதும் எலிக்குஞ்சு மாதிரி கீச் கீச் என்று கத்தியது. பூச்சி கத்துமா?

வீட்டுப் பெரியவர்கள் கெட்ட சகுனம், அடித்துப் போடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. காலையிலும் அதே இடத்தில் அசையாமல் இருக்கிறது; உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன்: மேல்சிறகு தோளிலிருந்து நுனிவரை 5.5 செ.மீ., உடல் 5 செ.மீ.

என்ன இனம், விஷமா, எப்படி வெளியே விடுவது? வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட்டில் உருளைக்கிழங்கு, வேலியோரம் இரண்டு தேனீப் பெட்டி இருக்கின்றன. அவற்றுக்குத் தொந்தரவு வருமா?

குறிஞ்சி12

அவ்வளவு பெரியது என்றால் அட்லஸ் விட்டிலாக இருக்கலாம். மலையில் இருக்கிற பெரிய விட்டில் அதுதானே.

சோலைக்காடு

அட்லஸ் இல்லைங்க. அட்லஸ் சிறகைத் தட்டையாக விரித்து உட்காரும்; நான்கு சிறகிலும் கண்ணாடிச் சன்னல் மாதிரி முக்கோண இடைவெளி தெரியும்; உணர்கொம்பு சீப்புப் பல் போல இருக்கும். வளர்ந்த அட்லஸுக்கு வேலை செய்யும் வாயே கிடையாது, அதனால் இப்படிச் சத்தமும் போடாது. மலை வீடுகளுக்குள் அடிக்கடி வரும் இன்னொரு பெரிய கருப்பு விட்டில் ஆந்தைக்கண் விட்டில். அதற்குக் குறி முதுகில் இருக்காது, மேல்சிறகில் பெரிய கண்ணாக இருக்கும்.

கூரை மாதிரி மடித்த சிறகு, தடித்த உடல், முதுகில் மண்டையோடு, கீச்சொலி, இந்த நாலும் சேர்ந்தால் மண்டையோட்டு விட்டில்தான். பருந்து விட்டில் குடும்பம், பேரினம் அகெரான்டியா. அதில் உலகத்துக்கே மூன்று இனம். ஆட்ரோபாஸ் ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம். நம் ஊரில் இருப்பவை லாக்கெசிஸ், ஸ்டிக்ஸ். கிரேக்கப் புராணத்தில் ஆயுள் நூலை அளப்பவள் லாக்கெசிஸ், அறுப்பவள் ஆட்ரோபாஸ். ஸ்டிக்ஸ் பாதாள ஆறு. சாவோடு முடிச்சுப் போட்டது பெயர் வைத்தவர்கள் செய்த வேலை. பூச்சியின் முதுகில் இருப்பது செதில் நிறம் மட்டுமே. வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

லாக்கெசிஸா ஸ்டிக்ஸா என்று மண்டையோட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மேல்சிறகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பின்சிறகைப் பாருங்கள். லாக்கெசிஸுக்குப் பின்சிறகின் அடிப்பகுதி, உடலை ஒட்டிய பக்கம், கருப்பாக இருக்கும். ஸ்டிக்ஸுக்கு அந்த இடமும் மஞ்சள்; மஞ்சளின் மேல் இரண்டு கருப்புப் பட்டை ஓடும். வயிற்றின் அடிப்பக்கம் அடுத்த அடையாளம்: லாக்கெசிஸுக்குக் குறுக்கே கருப்புப் பட்டைகள் உண்டு, ஸ்டிக்ஸுக்குப் பெரும்பாலும் இராது. உங்கள் அளவுப்படி சிறகு விரிப்பு 11 செ.மீ.க்கு மேல் வரும். லாக்கெசிஸ்தான் இரண்டில் பெரியது, ஆனால் அளவை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக்கூடாது.

பின்சிறகைப் பார்க்கச் சிறகைப் பிடித்து இழுக்காதீர்கள், செதில் மாவாக விரலில் வந்துவிடும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தோளைத் தொடுங்கள். மிரட்டுவதற்காக அதுவே மேல்சிறகைத் தூக்கி, மஞ்சள் வயிற்றைக் காட்டி, கீச்சிடும். அந்த நொடியில் படம் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். ஃப்ளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் நிறம் சரியாக வரும். அடிவயிற்றுக்கு, கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியிலிருந்து எடுக்கலாம்.

சத்தம் சிறகிலிருந்து வருவதில்லை. குட்டையான தடித்த உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் ஒரு மடல் அதிர்கிறது. அதே காற்றை வெளியே தள்ளும்போது இன்னொரு ஒலி. ஆர்மோனியத் துருத்தி மாதிரி. கொடுக்கு கிடையாது, கடிக்காது, விஷமில்லை, கம்பளிப்பூச்சிக்கு இருக்கும் சுணையும் இல்லை. காலில் சிறு முட்கள் உண்டு. கையில் ஏறினால் லேசாகப் பற்றும், அவ்வளவுதான்.

அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பகலில் அது தூங்கும் பூச்சி. பறக்க நெஞ்சுத் தசை நன்றாகச் சூடேற வேண்டும், அதற்காகச் சிறகை நடுங்க வைக்கும். கோத்தகிரிக் குளிரில் இதற்கே பல நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தட்டிவிட்டால் பறக்க முடியாமல் தரையில் விழும்; "செத்துப்போச்சு" என்று குப்பையோடு கூட்டித் தள்ளப்படுபவை பலவும் இப்படிக் குளிரில் விறைத்தவைதான்.

வெளியே விட: முன்கால்களுக்கு எதிரே கெட்டியான காகிதத்தை நீட்டி, பின்னாலிருந்து பிரஷ்ஷால் மெல்லத் தள்ளினால் தானே ஏறிவிடும். பகலில் தோட்டத்தில் விட்டால் கொண்டைக்குருவி கொத்திப் போகும். ஷூ டப்பாவில் ஐந்தாறு ஓட்டை போட்டு, உள்ளே சொரசொரப்பான அட்டை ஒன்று சாய்த்து, இருட்டான இடத்தில் வையுங்கள். வெயில் ஆகாது, ஃப்ரிட்ஜ் வேண்டாம். பொழுது சாய்ந்ததும் சில்வர் ஓக் மாதிரி கரடான மரப்பட்டையில் ஏற்றி விடுங்கள். அந்தப் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி சமையலறைக்கே வரும்.

தேயிலைமேடு

மிக்க நன்றிங்க. பிரஷ்ஷால் தொட்டதும் நீங்கள் சொன்னபடியே சிறகைத் தூக்கியது. பின்சிறகில் உடலை ஒட்டி நல்ல கருப்பு, பிறகு மஞ்சள், விளிம்புப் பக்கம் கருப்புப் பட்டை. டம்ளர் வழியாகப் பார்த்ததில் அடிவயிற்றில் குறுக்குப் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது டப்பாவில் இருக்கிறது. தேன் ஏதாவது வைக்கணுமா?

சோலைக்காடு

அப்படியானால் லாக்கெசிஸ். ஒரு பகலுக்கு உணவு தேவையில்லை. தட்டில் தேன் ஊற்றி வைத்தால் குடிக்கத் தெரியாமல் மிதித்துச் சிறகெல்லாம் பிசுபிசுக்கும், அதுதான் ஆபத்து.

படங்களை, உயிரினங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் தேதி, உயரத்தோடு ஏற்றுங்கள். ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த இடத்தில்தான் விட்டில்களில் இறங்கினார். இந்த மாவட்டத்துக்கான அவருடைய விட்டில் பட்டியல் 1891-இல் வந்தது. இன்றைக்கு எந்த உயரத்தில், எந்த மாதம், எது பறக்கிறது என்பதை இப்படி வீட்டுச் சுவரில் பார்த்து எழுதுகிறவர்கள்தான் சேர்க்க வேண்டும்.

அடைத்தேன்

பெட்டி பற்றி. அந்தக் குட்டை உறிஞ்சுகுழல் மெழுகு மூடியைக் குத்தித் தேன் குடிக்க அமைந்தது. இந்த விட்டில் இரவில் தேனீக்கூட்டுக்குள் நுழையும், உண்மைதான். இதன் ஐரோப்பிய உறவான ஆட்ரோபாஸின் உடல்மேல் தேனீயின் மேல்தோலில் இருக்கும் அதே கொழுப்பமிலங்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். தேனீக்கு அது அந்நியமாக வாடை அடிப்பதில்லை.

தடுப்பது சுலபம். மார்த்தாண்டம் பெட்டியோ வேறு பெட்டியோ, வாயில் திறப்பின் உயரம் 8 மி.மீ.க்கு மேல் போகாமல் ஒரு மரச்சட்டம் அடியுங்கள். வேலைக்காரத் தேனீயும் ஆண் தேனீயும் தாராளமாகப் போய்வரும். இந்த விட்டிலின் தடித்த நெஞ்சு உள்ளே போகாது. அகலத்தைக் குறைக்கத் தேவையில்லை, உயரம்தான் முக்கியம். மேற்கத்தியத் தேனீ பிசின் கொண்டுவந்து தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும். நம் அடுக்குத்தேனீ பிசின் சேர்ப்பதில்லை, அதனால் அந்த வேலை நம்முடையது. மழையில் உப்பி வளைந்த அடிப்பலகைக்கும், தேனீப் புழு வளரும் கீழ்ப்பெட்டியான புழு அறைக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு விழும். அங்கே சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பெட்டியைக் காலி செய்யும் விட்டில் இதுவல்ல. மெழுகு விட்டில் என்று சாம்பல் நிறத்தில், சிறகை விரித்தாலே 3 செ.மீ. அளவுதான் இருக்கும். அதன் புழு பழைய கருத்த அடைக்குள் நூலாம்படை போட்டுச் சுரங்கம் வெட்டும். அடிப்பலகையில் மெழுகுத்தூளும் கருப்பு எச்சமும் கிடந்தால் அதுதான். வாரம் ஒருமுறை பலகையைச் சுரண்டித் துடையுங்கள், தேனீ மூடாத அடைகளை வெளியே எடுத்துவிடுங்கள். கூட்டம் பலமாக இருந்தால் இரண்டு விட்டிலுமே பெரிய விஷயமில்லை.

கார்போகம்

கிழங்குக்கு: இதன் புழு உருளை, தக்காளி, கத்தரி, ஊமத்தை, உண்ணிச்செடி எல்லாம் தின்னும். உங்கள் வேலியில் உண்ணிச்செடி இருந்தால் தாய் அங்கேயும் முட்டை இடும். முழு வளர்ச்சியில் புழு 12 செ.மீ. வரை நீளும், பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று நிறத்தில் வரும். வாலில் கரடான, நுனி சுருண்ட கொம்பு. அந்தக் கொம்பு குத்தாது.

இவ்வளவு பெரிய புழு செடியில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். இலையைத் தேடாமல் மண்ணைப் பாருங்கள். மிளகைவிடப் பெரியதாக, நீளவாக்கில் பள்ளம் விழுந்த பீப்பாய் மாதிரி எச்சம் கிடக்கும். அதற்கு நேர்மேலே தண்டு மொட்டையாக இருக்கும், புழு அங்கேதான். பத்து சென்ட்டுக்கு மருந்து அடிக்க வேண்டாம், தேனீப் பெட்டியும் பக்கத்தில் இருக்கிறது. கையால் எடுத்து உண்ணிச்செடியில் விட்டால் போதும். முதுகில் அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது ஒட்டுண்ணிக் குளவி, மற்ற புழுக்களையும் அது பார்த்துக்கொள்ளும்.

கிழங்கு தோண்டும்போது விரல் நீளத்தில், செம்பழுப்பாக, பளபளவென்று கூட்டுப்புழு கிளம்பலாம். மண்வெட்டி படாமல் இருந்து, தொட்டால் வால்பக்கம் நெளிந்தால் உயிரோடு இருக்கிறது. ஈரம் லேசாக உள்ள தென்னைநார்க் கழிவை வாளியில் பாதி நிரப்பி, அதன்மேல் கிடத்தி, வலை கட்டி வையுங்கள். உள்ளே ஒரு கரடான குச்சியைச் சாய்த்து வைக்க மறக்காதீர்கள். வெளியே வந்ததும் ஏறித் தொங்கிச் சிறகை விரிக்க இடமில்லாவிட்டால், சிறகு சுருங்கியபடியே இறுகிவிடும். அதற்குப் பிறகு அது பறக்காது.