கடைசி நம்பரை அமுக்க விடாத போன்

கோட்டையூர்_வயர்மேன்:
கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீடு, பாதியை விடுதியா மாத்திட்டாங்க. ஐபி எக்ஸ்சேஞ்ச் (நெட்வொர்க் வழியா வீட்டு போன்களை வெளி லைனோட இணைக்கிற பெட்டி) வச்சது வேற ஆளு. மலேசியாவுல இருக்கிற பேரனுக்கு கால் போகலைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. "நீங்களே போடுங்க ஆச்சி, பார்க்கிறேன்"னேன். டைரியில இடது கை விரலை ஊனிக்கிட்டு ஒவ்வொண்ணா அமுக்குனாங்க. கடைசி 7க்கு விரல் போறதுக்குள்ள ரிசீவர்ல மலாய்ல அறிவிப்பு. "நான் இன்னும் முடிக்கலையே தம்பி"ன்னு என்னைப் பார்த்த முகம் மனசுலயே நிக்குது.

டயல்பிளான்ல, அதாவது எந்த நம்பர் எப்போ வெளிய போகணும்னு எக்ஸ்சேஞ்ச்ல எழுதுற விதியில, 0060க்கு அப்புறம் 9 டிஜிட்டுன்னு பூட்டியிருக்காங்க (உள்ளூர் நம்பரோட முதல் 0 இங்கேர்ந்து போடுறப்ப வராது). 012, கோலாலம்பூர் 03 எல்லாம் அதுல போயிரும். பினாங்கு லேண்ட்லைன் 8, பேரனோட 011 நம்பர் 10. வீட்டுக்கு வீடு மலேசியா சொந்தம் இருக்கிற ஊர்ல இதைப் பார்க்க வேண்டாமா?

பள்ளத்தூர்_ஆஸ்டரிஸ்க்:
அண்ணே, டயல்பிளான்ல எழுதுற நம்பர் பேட்டர்ன் கடைசில புள்ளி வச்சா எத்தனை டிஜிட்னாலும் வாங்கிக்குமே. இதுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?

தேவகோட்டை_நைட்ஷிப்ட்:
புள்ளி வச்சா நம்பர் முடிஞ்சுதான்னு டைமர்தான் முடிவு பண்ணும் தம்பி. இங்க ஒரு ஆஸ்பத்திரியில வார்டு எண்கள் 1001லேர்ந்து 1099 வரை. நர்ஸ் 108 அமுக்குனா, 1080ஆ இருக்குமோன்னு எக்ஸ்சேஞ்ச் பத்து விநாடி காத்துக்கிட்டு நிக்கும். ஒரு ராத்திரி சத்தமே வரலைன்னு அந்தப் பொண்ணு வச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து அமுக்குச்சு. நான் பக்கத்துலயே நின்னேன்.

காரைக்குடி_சிப்:
ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான். 108, 112ல தொடங்குற உள் எண்ணே இருக்கக் கூடாது, அப்பதான் அது உடனே போகும். உள்நாட்டுக்கு டைமரே வேண்டாம்: 0 சேர்த்து மொத்தம் 11. காரைக்குடி 04565க்கு பின்னாடி 6, சென்னை 044க்கு பின்னாடி 8. 2021 ஜனவரி 15லேர்ந்து லேண்ட்லைன்ல மொபைலுக்கும் 0 போடணும், அதுவும் 11தான். வெளிநாடு மட்டும் இழுக்கும். நாட்டு எண்ணோட சேர்த்து அதிகபட்சம் 15. எதிர்முனை 484ங்கிற பதில் கோடு அனுப்பினா நம்பர் இன்னும் முடியலைன்னு அர்த்தம். ஓவர்லேப் (டிஜிட் வர வர அனுப்புற முறை) இருந்தா, அதைத் தோல்வின்னு எடுக்காம அடுத்த டிஜிட்டைச் சேர்த்து அனுப்பணும். போன்ல இருக்கிற டிஜிட்மேப்பையும் (நம்பர் எப்போ முடிஞ்சுதுன்னு போனே வச்சிருக்கிற விதி) பாருங்க, எக்ஸ்சேஞ்சுக்கு முன்னாடி அதுவே வெட்டிரும். நம்பர் முடிஞ்சுதுன்னு சொல்ல, ஆச்சிக்கு கடைசியில ஹேஷ் (#) அமுக்கப் பழக்குங்க.

கோட்டையூர்_வயர்மேன்:
அந்த வயசுல ஆச்சி எதுக்கு ஹேஷ் பழகணும்? 6011க்கு மட்டும் தனி வரி போட்டேன், 10 டிஜிட் வந்ததும் போயிரும். மத்த மலேசியா நம்பருக்கு 8, 9 ரெண்டும் ஏத்துக்கும். 8ல நின்னா ஆறு விநாடி பொறுக்கும். அவங்க விரல் போற வேகத்தைப் பார்த்துத்தான் அந்த ஆறு.