ரைசன் 2700எக்ஸ் ஓவர்கிளாக்: ஒரே சிப்புக்கு மூன்று வெப்பநிலை, எதை நம்புவது?

கோட்டையூர்_வளவு:
வணக்கம். பழைய ரைசன் 7 2700எக்ஸ் (ஏஎம்டி நிறுவனத்தின் கணினிச் சிப்) ஒன்று கைக்கு வந்தது. ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்தை விடக் கூட்டி, எல்லாக் கோர்களையும் 4.1 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியிருக்கிறேன். கூலர், அதனுடன் வரும் ரெய்த் பிரிசம்தான். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) 58 டிகிரி என்கிறது. விண்டோஸில் சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து, சிப்பை முழு வேலை வாங்கும் பிரைம்95 ஓடவிட்டால் டி-சிடிஎல் 94, டி-டை 84, கீழே மதர்போர்டு பகுதியில் வெறும் ‘சிபியு’ என்று இருப்பது 72. மதர்போர்டுடன் வந்த மென்பொருளையும் பக்கத்தில் திறந்து வைத்தேன், அது அவ்வப்போது பூஜ்யம் காட்டுகிறது! கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கில் காட்டினால் ‘லோ’ என்கிறது.

பழைய வீடு, வளவை ஒட்டிய அறை, ஏசி கிடையாது. கேபினட் சுவர் அலமாரிக்குள் இருக்கிறது. 94தான் உண்மை என்றால் இப்போதே பழைய வேகத்துக்குப் போய்விடுகிறேன். சொல்லுங்கள்.

புதுவயல்_சர்வீஸ்:
தம்பி, பயப்பட வேண்டாம், ஆனால் நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது சிப்பின் உண்மை வெப்பமான டி-டை, அதாவது 84. டி-சிடிஎல் என்பது ஃபேனை ஓட்டுவதற்காக ஏஎம்டி வைத்த கணக்கு. 2700எக்ஸில் உண்மை வெப்பத்துடன் 10 டிகிரி கூட்டிக் காட்டும். 2017இல் வந்த 1700எக்ஸ், 1800எக்ஸில் 20 டிகிரி கூட்டல். எக்ஸ் இல்லாத 2700க்கு இந்தக் கூட்டலே கிடையாது. 2700எக்ஸுக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 85. ஒரு டிகிரி இடைவெளியில் ஓட்டுகிறீர்கள்.

அந்த 72 பெரும்பாலும், சிப் பொருந்தும் சாக்கெட் பக்கத்துத் தெர்மிஸ்டர் என்ற வெப்பச் சென்சார் காட்டுவது. சிப் சூடானபின் நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். அதை வைத்து ஓவர்கிளாக் முடிவு எடுக்காதீர்கள். பயாஸ் எண்ணையும் விடுங்கள். அங்கே சிப் விண்டோஸில் தூங்குவதுபோல் தூங்காது, அதனால் சும்மா இருக்கும்போதும் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டு மென்பொருளையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். இரண்டும் ஒரே சென்சார் சிப்பைக் கேட்டு மோதிக்கொள்ளும், பூஜ்யம் வருவது அதனால்தான். ஒன்று போதும்.

தேவகோட்டை_ரஸ்தா:
நம்ம ஊர் சித்திரை வெயிலில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. லிக்விட் கூலர் வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

பள்ளத்தூர்_மின்னணு:
அண்ணே, லிக்விட் கூலரும் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. காற்றை விடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. காசைச் செலவழிக்கும் முன் அளந்து பார்க்கலாமே.

கோட்டையூர்க்காரருக்கு: நெற்றி வெப்பமானி உடம்புச் சூட்டுக்கு மட்டும் உள்ளது. அதைவிட, பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும், அதனால் எந்த அகச்சிவப்புத் துப்பாக்கியும் அங்கே தவறாகத்தான் சொல்லும். சரியாகச் சொன்னாலும் அது ஹீட்சிங்கின் சூடு, சிப்பின் சூடு அல்ல.

எனக்குச் சந்தேகம் உங்கள் சுவர் அலமாரி மேல்தான். வெப்பநிலை அளக்கும் மல்டிமீட்டர் யாரிடமாவது இருக்கும், கே-டைப் வயர் போட்டது. அந்த வயரின் முனையைக் கேபினட்டின் முன் ஃபேன் காற்று இழுக்கும் இடத்தில் வையுங்கள், எந்த இரும்பிலும் படாமல். அதே நேரம் அறை நடுவிலும் ஒருமுறை பாருங்கள். பிரைம்95 குறைந்தது இருபது நிமிடம் ஓடி, எண் ஏறாமல் நின்ற பிறகு டி-டையின் சராசரியைக் குறியுங்கள், உச்சத்தை அல்ல. நொடி நேரத் துள்ளலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டி-டையில் இருந்து உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கூலரின் தரம். மார்கழிக் காலையில் 70 வந்தது என்று மகிழ்ந்தால், சித்திரை மதியம் அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனையும் சிப்பிலும் ஏறும்.

கோட்டையூர்_வளவு:
மீட்டர் கிடைத்தது. மதியம் அறை நடுவில் 33. அலமாரிக்குள், ஃபேன் வாயில் 43! கேபினட் தான் விட்ட சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஐயா காலத்துத் தேக்குக் கதவு, கனம் அப்படி, மூடினால் காற்றுப் போக வழியே இல்லை. வெளியே எடுத்து மேசை மேல் வைத்தேன். அதே பிரைம்95, டி-டை சராசரி 75, ஃபேன் வாயில் 34.

பள்ளத்தூர்_மின்னணு:
பாருங்கள், முன்பு 84இல் 43 போனால் 41. இப்போது 75இல் 34 போனாலும் 41. கூலர் மாறவே இல்லை, காற்றுதான் மாறியது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் கெட்டிருந்தால் இந்த 41 இன்னும் பெரிதாக இருந்திருக்கும், ஆகவே இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். செம்மண் தூசி இருந்தால் மட்டும் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள்.

புதுவயல்_சர்வீஸ்:
இன்னொன்று. விகோரை, அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜை, ஆட்டோவில் விட்டிருந்தால் போர்டு தாராளமாக ஊட்டிவிடும். லோடில் எவ்வளவு காட்டுகிறது?

கோட்டையூர்_வளவு:
1.41 வோல்ட் அண்ணே.

புதுவயல்_சர்வீஸ்:
4.1க்கு அது அதிகம். 1.30இல் கையால் போட்டுத் தொடங்குங்கள். சிஸ்டம் நின்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் 0.0125 வோல்ட் ஏற்றிக்கொண்டே வாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் சூடு அந்தக் குறைவை விட வேகமாக இறங்கும், மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால். பேஸ்ட் மாற்ற எப்போதாவது கூலரைக் கழற்றினால், முதலில் சற்று லோடில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். இந்தச் சிப் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் நேராக இழுத்தால் சிப்பே தன் ஊசிக்கால்களோடு கூலரில் ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கீழசிவல்பட்டி_ஐ5:
நடுவில் வருகிறேன். என்னிடம் இன்டெல் 9600கே. இதே கூட்டல் கணக்கா?

பள்ளத்தூர்_மின்னணு:
இல்லை. இன்டெல் சென்சார் உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் சொல்கிறது, உங்களுக்கு அந்த வரம்பு 100. மேலே போகப் போக நம்பலாம், சும்மா இருக்கும்போது காட்டும் 30ஐ மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். மற்ற முறை எல்லாம் அதேதான்.

கோட்டையூர்_வளவு:
1.325இல் நிற்கிறது. டி-டை 68, ஃபேன் வாயில் 34. ஒரே குறை, ஃபேன் சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கிச் சத்தம் போடுகிறது.

புதுவயல்_சர்வீஸ்:
அது டி-சிடிஎல் வேலை. ஃபேன் அந்தக் கூட்டிய எண்ணைத்தான் பார்க்கும். பயாஸில் எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஃபேன் வளைவை 10 டிகிரி வலப்பக்கம் தள்ளி, ஏறும் தாமதம் என்று இருப்பதைச் சில நொடிகள் வையுங்கள்.