இது உமரிதானா? சமைச்சுச் சாப்பிட்ட பிறகு வந்த சந்தேகம்

தர்மபுரிப் பொண்ணு:
வேதாரண்யத்துக்கு வாக்கப்பட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. உப்பளத்து வரப்போரமா ஒரு செடி, முழங்கால் உயரம்கூட இல்லை. இலை சேமியாவை அளவா நறுக்கி ஒட்டின மாதிரி, நகம் பட்டாலே தண்ணி விடுது. "உமரிக்கீரை, கிள்ளிட்டு வா"ன்னு அத்தை அனுப்பினாங்க. பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சேன், வழக்கம்போல உப்பும் போட்டேன். கீரையே கரிக்குமாம், வாயில வைக்க முடியலை. "உமரிக்கு உப்பு போட்டவளை இப்பதான் பாக்குறோம்"னு வீடே சிரிக்குது. ஆனா கிள்ளினதுல கொஞ்சம் சிவப்புத் தண்டா, தரையோட படர்ந்து கிடந்துச்சு. அதுவும் உமரிதானா?

அளத்துக்காரன்:
சிவப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க தங்கச்சி. உப்பு ஏறினா உமரியும் செவந்துடும். இலை அடுக்கைப் பாருங்க. உமரிக்குக் கணுவுக்கு ஒரு இலை, மாத்தி மாத்தி வரும். பூ இருக்கறதே தெரியாது. இலை இடுக்குல பச்சையா, கடுகை விடச் சின்னதா ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டிருக்கும். இலை எதிரெதிரா ஜோடியா இருந்து, ரோஸ் கலர்ல நட்சத்திரப் பூ இருந்தா அது செசுவியம், வேற குடும்பம். இலையே இல்லாம கணுக்கணுவா நின்னா சாலிகோர்னியா. அதையும் நாங்க உமரின்னுதான் சொல்றோம், அதான் குழப்பம்.

ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார்:
அத்தை சொன்ன உமரிக்குத் தாவரவியல் பேர் சுவேடா மாரிட்டிமா. நான் படிச்ச காலத்துல செனோபோடியேசி, அதாவது வாத்துக்கால் குடும்பம். சக்கரவர்த்திக்கீரை வகையறாவோட இலை வாத்துப் பாதம் மாதிரி இருக்கறதால வந்த பேர். உமரி இலையில அந்தச் சாயல் துளிகூட இல்லை! 1998-ல வந்த வகைப்பாட்டுல இந்தக் குடும்பத்தைத் தண்டுக்கீரை குடும்பத்தோட சேத்துட்டாங்க. பீட்ரூட்டும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஆக்சலேட், அதாவது சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகற பொருள், உள்ள கீரைம்மா, கொதிக்க வச்சுத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு அப்புறம் கடையுங்க. கரிப்பும் குறையும். சிறுநீரகக் கல் உள்ளவங்களுக்கு வேண்டாம்.

தர்மபுரிப் பொண்ணு:
மிச்சக் கீரையை முறத்துல கொட்டிப் பாத்தேன். பெரும்பாலும் மாத்தி மாத்தி இலைதான். அடியில மூணு கொடி, ஜோடி இலை, ஒண்ணுல வாடின ரோஸ் பூ. செசுவியம் திங்கலாமா? ஏன்னா, தின்னாச்சு.

அளத்துக்காரன்:
திங்கறதுதான், பயப்படாதீங்க. அதுவும் கரிக்கும், அதுக்கும் உப்பு போடாதீங்க.

தர்மபுரிப் பொண்ணு:
நன்றிண்ணே. அந்த மூணு கொடியை ஆட்டுக்குப் போட்டுட்டேன். அத்தைகிட்ட இன்னும் சொல்லலை.